தாவரக் காப்புரிமையை எண்ணி நாடுகளின் வேளாண் புதுமையை அளக்கலாமா?

கேள்வி: வேளாண் பொருளாதாரத்தில் முதுகலை ஆய்வு செய்கிறேன். அமெரிக்கா வழங்கும் தாவரக் காப்புரிமைகளை நாடுவாரியாக எண்ணி, வேளாண் புதுமையில் யார் முன்னணி என்று தரவரிசை போட்டேன். நெதர்லாந்து எங்கேயோ மேலே நிற்கிறது. இதை நம்பலாமா?

பதில்: எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், நெதர்லாந்து மேலே வருவதும் ஆச்சரியமில்லை. ஆனால் நீங்கள் அளந்திருப்பது பெரும்பாலும் பூச்செடி வியாபாரத்தை.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சட்டம் ஒட்டு, பதியன், தண்டுத் துண்டு என்று விதையில்லாமல் பெருக்கப்படும் செடிகளுக்கு மட்டும்தான் தாவரக் காப்புரிமை தருகிறது. கிழங்கிலிருந்து பெருகுபவை கிடையாது, ஆக உருளைக்கிழங்கு வெளியே. நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா எல்லாம் விதைப் பயிர்கள், அவையும் வெளியே. 1931இல் முதல் காப்புரிமை வாங்கியது 'நியூ டான்' என்ற கொடி ரோஜா. இன்றைக்கும் பட்டியலில் பெரும்பகுதி அலங்காரச் செடிகள்தான், அடுத்துதான் பழப் பயிர்கள்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர்.8 நெல்லை வெளியிட்டது. ஆசியாவின் நெல் விளைச்சலையே மாற்றிய ரகம், காப்புரிமை எதுவும் இல்லாமல் எல்லோருக்கும் போனது. உங்கள் அட்டவணையில் அதற்கு மதிப்பெண் பூஜ்யம்! கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட நெல் பூஜ்யம், இதழின் நிறம் கொஞ்சம் மாறிய செவ்வந்தி ஒன்று என்று கணக்கு போடும் அளவுகோலுக்கு 'வேளாண் புதுமை' என்று பெயர் வைத்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? விதைப் பயிர்களுக்கு அமெரிக்காவில் 1970 சட்டத்தின்படி வழங்கும் ரகப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் (புது ரகத்தை உருவாக்கியவருக்கு அதன்மேல் தரும் தனி உரிமை) தனியாக இருக்கின்றன, 1985க்குப் பிறகு செடிகளுக்கும் விதைகளுக்கும் சாதாரணக் கண்டுபிடிப்புக் காப்புரிமையும் கிடைக்கிறது (2001இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது). தாவரக் காப்புரிமையோடு இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ரகங்களுக்குக் காப்புரிமையே கிடையாது, 1961இல் கையெழுத்தான யுபோவ் என்ற, புதிய தாவர ரகங்களைப் பாதுகாக்கும் சர்வதேச ஒப்பந்த வழியில் வரும் ரகப் பாதுகாப்பு உரிமைதான். உலகிலேயே அதிகமான ரகப் பாதுகாப்பு விண்ணப்பங்கள் இப்போது சீனாவில் தாக்கலாகின்றன, பெரும்பாலும் உள்நாட்டுக்காரர்களே போடுபவை. உங்கள் வரிசையில் சீனா எத்தனையாவது இடம் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேர்க்கும்போது ஒரே செடியை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள். 2018இல் திருத்தம் வந்த பிறகு, ஒட்டில் பெருகும் செடிக்கும் அமெரிக்காவில் ரகப் பாதுகாப்பு வாங்கலாம், ஆக ஒரே ரகம் இரண்டு பட்டியலிலும் வரலாம். தாவரக் காப்புரிமை ஆவணத்தில் தாவரவியல் பெயரும் ரகப் பெயரும் இருக்கும், அவற்றை வைத்து ஒப்பிட்டுக் கழித்துவிடலாம். தாவரவியல் பெயர் கையில் இருக்கும்போது பூச்செடியையும் உணவுப் பயிரையும் அப்போதே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். மொத்தத் தரவரிசையைவிட இந்தப் பிரிவுதான் சுவாரசியமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று: அமெரிக்கத் தாவரக் காப்புரிமைக்குப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. ஒருமுறை வாங்கிவிட்டால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு சும்மா உயிரோடு இருக்கும், யாரும் அந்தச் செடியை வாங்காவிட்டாலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரகப் பாதுகாப்புக்கோ ஆண்டுதோறும் கட்டணம் கட்ட வேண்டும், விற்காத ரகத்தைக் கைவிட்டுவிடுவார்கள். ஆகவே அங்கே பத்து ஆண்டு கழித்தும் எத்தனை உரிமைகள் உயிரோடு இருக்கின்றன என்று எண்ணினால், எந்தப் புதுமைக்கு உண்மையில் மதிப்பு இருந்தது என்று ஓரளவு தெரியும்.

ஆண்டுக் கணக்கிலும் ஏமாறாதீர்கள். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹனிகிரிஸ்ப் ஆப்பிளுக்கான கலப்பினச் சேர்க்கை நடந்தது 1960இல், காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1988இல். பழ மரங்களுக்கு 1988 என்று நீங்கள் பதியும் எண் 1960இல் செய்த உழைப்பாகக்கூட இருக்கலாம், பூச்செடிகளில் இவ்வளவு காலம் பிடிப்பதில்லை. அதனால் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போடாமல் இருப்பது நல்லது.