யு-47-ஐ மூழ்கடித்தது வுல்வரினா?

இல்லை. உங்கள் இரண்டு புத்தகங்களில் ஒன்று பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் வுல்வரின்தான் மூழ்கடித்தது என்கிறது, மற்றது "காரணம் தெரியவில்லை" என்கிறது; இரண்டாவதே சரி. இரண்டாம் உலகப் போரில், ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ கடற்படைத் தளத்தில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ராயல் ஓக்கை மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-47, 1941 மார்ச் 7-இல் கடைசியாகச் செய்தி அனுப்பியது. அப்புறம் சத்தமே இல்லை. கேப்டன் பிரீன் உட்பட 45 பேரும் போனார்கள்.

வுல்வரின் அன்றிரவு தாக்கியது அநேகமாக யுஏ என்ற இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கியை. அது அடிபட்டும் ஊர் திரும்பிவிட்டது! போர்க்காலத்தில் பிரிட்டனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அதனால்தான் வுல்வரின் யு-47-ஐ மூழ்கடித்ததாக எழுதிவிட்டார்கள்.

யுஏவின் போர் நாட்குறிப்பு கிடைத்தால், தாக்குதல் நேரத்தை வுல்வரின் அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்ணிவெடி, வட்டமடித்துத் திரும்பிய சொந்த டார்பிடோ என்பதெல்லாம் ஊகம்தான். சிதைவு இன்னும் கிடைக்கவில்லை.