கல்லூரியில் படித்துக்கொண்டே கடலை ஆயும் கூலி வேலைக்குப் போகலாமா? கேலி செய்வார்களா?

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறீர்கள். தேர்வு விடுமுறையில் அம்மாவோடு கடலை ஆயப் போகலாமா, படிப்பு கெடுமா, கூடப் படிப்பவர்கள் பார்த்தால் கேலி செய்வார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். பிராக்டிகல் தேர்வு இருக்கிற வாரத்தில் மட்டும் போகாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

2014-இல் நானும் இரண்டாம் ஆண்டுதான். விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் அரசுக் கல்லூரி, தாவரவியல். எங்கள் பக்கம் நிலக்கடலை என்றெல்லாம் யாரும் சொல்ல மாட்டார்கள். மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. கல்லூரியில் அதே செடிக்கு அராக்கிஸ் ஹைபோஜியா என்று எழுதினால்தான் மதிப்பெண். மார்கழியில் விதைத்தால் நூறு, நூற்றைந்து நாளில் பிடுங்க வேண்டியிருக்கும். கணக்குப் போட்டால் பங்குனி கடைசி, சித்திரை. செமஸ்டர் தேர்வும் அதே நேரத்தில்தான் வரும். அட்டவணை போடுகிறவர்கள் வீட்டில் யாரும் மல்லாட்டை போடுவதில்லை போலிருக்கிறது.

அந்த வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தல். பிரசாரக் கூட்டத்துக்குப் போனால் சாப்பாடும் காசும் கிடைக்கும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் வேன் ஏறிவிட்டார்கள். வயலுக்கு ஆள் இல்லை. என் தேர்வுக் கட்டணத்துக்காக அம்மா பக்கத்து வீட்டில் 700 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். நானும் வருகிறேன் என்றேன். "பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு வா, நெழல்ல குந்திப் படி, நடுவுல கொஞ்சம் ஆயி" என்றார். எடுத்துப் போனேன். பதினோரு நாளில் நான்கு பக்கம் படித்திருப்பேன், அதுவும் இப்போது ஞாபகமில்லை.

ஆம்பளைகள் செடியைப் பிடுங்கிப் போடுவார்கள், பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து செடியிலிருந்து காயைப் பறித்தெடுப்பார்கள், அதுதான் ஆய்வது. எனக்குப் பிடுங்க வரவில்லை. மண் கொஞ்சம் காய்ந்திருந்தாலும் இழுக்கிற இழுப்பில் காம்பு அறுந்து பாதிக் காய் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் பெண்களோடு உட்கார்ந்தேன். கூலி நாள் கணக்கில் இல்லை, டின் கணக்கு. 15 கிலோ எண்ணெய் வருமே, அந்தத் தகர டின். ஒரு டின் ஆய்ந்தால் 25 ரூபாய். முதல் நாள் எனக்கு இரண்டு டின். அம்மாவுக்கு ஏழு. நூறு நாள் வேலைக்கு அந்த ஏப்ரலில்தான் கூலி 148-லிருந்து 167 ஆகியிருந்தது, அதைவிட அம்மாவுக்கு நாலு காசு கூட. எனக்கு? விடுங்கள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அளக்கும்போதுதான் பார்த்தேன். நிலத்துக்காரருடைய டின்னின் அடித்தகடு வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது. உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டியது போல. தரையில் வைத்தால் ஆடும். வயலில் தண்ணீர் மொள்ள இன்னொரு டின் இருந்தது. நான் சும்மா இருக்காமல் அதில் ஒரு டின் நிரப்பி, நிலத்துக்காரர் டின்னில் கொட்டிக் காட்டினேன். விளிம்புக்கு வர இன்னும் நாலு கை மல்லாட்டை வேண்டியிருந்தது. எனக்கு ஒரே பெருமை. ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரை சமர்ப்பித்த மாதிரி எல்லோரையும் திரும்பிப் பார்த்தேன். யாரும் நிமிரவே இல்லை.

நிலத்துக்காரர் கோபப்படவில்லை. "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறுநாள் வேறு டின் வந்தது, ஆடாத டின். ஆனால் தினமும் வீட்டுக்குக் கிளம்பும்போது ஆளுக்கு ஒரு முறம் மல்லாட்டை மடியில் போடுவார், அது நின்றுபோனது. எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஓர் ஆயா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எங்களுக்குத் தெரியாதா தம்பி? எத்தினி வருசமா அந்த டின்னுலதான் அளக்குறோம். காலேஜு தொறந்தா நீ பூடுவ."

அப்புறம் பிராக்டிகல். ஆறு நாள் ஆய்ந்ததில் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தோல் உரிந்து வெடித்திருந்தது. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. புளி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும், தண்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து பிளேடால் காகிதம் மாதிரி மெல்லிசாகச் சீவ வேண்டும் (அந்தச் சீவல்தான் செக்‌ஷன்), அப்போதுதான் மைக்ராஸ்கோப்பில் செல் தெரியும். எனக்கு விரல் மடங்கவில்லை. விழுந்ததெல்லாம் வெண்டைக்காய் நறுக்கியது போல் வட்டம் வட்டமாக. சாயம் ஏற்ற சாஃப்ரனின் என்கிற சிவப்புச் சாயத்தில் போட்டபோது சிவப்பு செக்‌ஷனில் ஏறியதைவிட என் விரல் வெடிப்பில் ஏறியதுதான் அதிகம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கையைப் பார்த்துவிட்டு என்னப்பா இது என்றார். "வீட்டுல பெயின்ட் அடிச்சேன் சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் கேலி செய்கிறவர் மாதிரியும் இல்லை.

உடனே சிலர் வருவார்கள், வறுமையைக் காட்டி அனுதாபம் தேடுகிறான் என்று. அதெல்லாம் இல்லை, எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு இருந்தது. வேறு சிலர், இவன் பிள்ளைகளைப் படிக்க விடாமல் வயலுக்கு அனுப்பச் சொல்கிறான் என்பார்கள். அதையும் நான் சொல்லவில்லை. கேட்டவர் பதினெட்டு வயது தாண்டியவர், தன் விருப்பத்தில் கேட்கிறார்.

உண்மையில் என் படிப்பைக் கெடுத்தது மல்லாட்டை இல்லை, டவுன் பஸ். காலை 7.40 வண்டி. மாணவர்கள் நிற்பது தெரிந்தால் நிறுத்தத்தைத் தாண்டி நூறு அடி தள்ளிப் போய் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கிளம்பிவிடும். இலவச பஸ் பாஸ் வைத்திருப்பவன் மனுஷனே இல்லையா? அந்த ஒரு வண்டியால் எத்தனை முதல் பீரியட் போனது என்று எண்ணினால் பதினோரு நாளைவிட அதிகம் வரும். வருகைப்பதிவு குறைந்து அதற்குத் தனியாக அபராதம் வேறு கட்டினேன். சரி, இது நீங்கள் கேட்டதில்லை.

பதினோரு நாளில் எனக்கு வந்தது 43 டின், 1,075 ரூபாய். 700 பக்கத்து வீட்டுக்குப் போனது. மீதியில் அம்மா எனக்கு ஒரு சட்டை எடுத்தார். பிராக்டிகலில் எதிர்பார்த்ததைவிட ஒன்பது மதிப்பெண் குறைவு, எழுத்துத் தேர்வில் ஒன்றும் போகவில்லை.

கேலி விஷயம்: யாரும் செய்யவில்லை, ஏனென்றால் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அதற்கு என்னிடம் நேர்மையான பதில் இல்லை. உங்கள் ஊரிலும் டின் கணக்குத்தான் என்றால் முதல் நாளே டின்னைத் திருப்பி அடியைப் பாருங்கள். பார்த்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லுங்கள். கேட்கலாமா வேண்டாமா என்று அவர் சொல்லட்டும்.