கேளுங்கோ, சொல்லுறன்: கேம்ல வாற துவக்கும் உண்மைத் துவக்கும்

போன இதழ்ல அன்சார்ட்டட் முதலாவது கேமைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதினன், 2007ல பிளேஸ்டேசன் 3க்கு வந்தது, நோட்டி டோக் கொம்பனி செய்தது, புதையல் தேடிப் போற நேதன் டிரேக்கின்ட கதை. கதையைப் பற்றி ஒரு கடிதம்கூட வரேல்ல. வந்ததெல்லாம் அவன் கையில வைச்சிருக்கிற துவக்குகளைப் பற்றித்தான், அதால இந்த முறை முழுப் பக்கமும் அதுக்கே.

அண்ணா, கேம்ல மொஸ்-12, வெஸ்-44, டெசர்ட்-5 எண்டெல்லாம் வருது, தேடிப் பாத்தா அப்பிடி ஒரு துவக்கும் இல்ல. ஆனா ஏ.கே-47, எம்4 எண்டு உண்மைப் பேரும் வருது. ஏன் இப்பிடிப் பாதிப் பாதி?
(ஒரு தம்பி, உவர்மலை)

தம்பி, அந்தப் பேர்களை ஒரு பேப்பர்ல ரெண்டு பக்கமாப் பிரிச்சு எழுதிப் பாருங்கோ, விசயம் தன்னால விளங்கும். ஏ.கே-47, எம்4, எம்79, எம்பி40, இதெல்லாம் ஒரு நாட்டு ராணுவம் வைச்ச பேர், அதை அப்பிடியே விட்டிருக்கினம். மொஸ்-12 எண்டது மொஸ்பேர்க் கொம்பனியின்ட 12 போர் (குழலின்ட அளவு) ஷொட்கன், வெஸ்-44 எண்டது ஸ்மித் அன்ட் வெசன் மாதிரி 44 மேக்னம் ரிவோல்வர், டெசர்ட்-5 எண்டது டெசர்ட் ஈகிள், இதெல்லாம் ஒரு வியாபாரியின்ட பேர், அதைத்தான் வெட்டி ஒட்டியிருக்கினம். எஸ்ஏஎஸ்-12ஐப் பாருங்கோ, இத்தாலிக்காரற்ற ஸ்பாஸ்-12 (எஸ்பிஏஎஸ்) ஷொட்கன்ல நடுவில பி எண்ட எழுத்தை உருவிப் போட்டு மிச்சத்தை வைச்சிருக்கினம். டிரகன் ஸ்னைப்பர் எண்டது ரஷ்யாவின்ட டிரகுனோவ், 1963ல சோவியத் ராணுவம் எடுத்தது. பிஎம் எண்டா மக்காரோவ் பிஸ்டல், அந்த ரெண்டு எழுத்தும் ரஷ்ய மொழியில அதின்ட உண்மையான சுருக்கம், அதையும் தொடேல்ல. 92எஃப்எஸ் மட்டும் ரெண்டுங்கெட்டான், பெரெட்டா எண்ட கொம்பனிப் பேரைக் கழட்டிப்போட்டு மொடல் நம்பரை மட்டும் விட்டிருக்கினம்.

ஏன் இவ்வளவு பயம் எண்டா டிரேட்மார்க் வழக்குத்தான். முந்தி சில கேம் கொம்பனியள் துவக்குக் கொம்பனியளோட லைசன்ஸ் எழுதி, காசு குடுத்துப் பேர் போட்டவை. 2013ல ஈஏ எண்ட கேம் கொம்பனி இனி லைசன்ஸ் எடுக்கமாட்டம், ஆனா துவக்குகளைக் காட்டுறதை நிப்பாட்டமாட்டம் எண்டு சொல்லிச்சு. பிறகு 2017ல துவக்கில்ல, ஹம்வி எண்ட ராணுவ வாகனத்தைச் செய்யிற கொம்பனி கோல் ஒஃப் டியூட்டி எண்ட சண்டைக் கேமைச் செய்யிற ஆக்கள் மேல வழக்குப் போட்டது, 2020ல நியூயோர்க் நீதிமன்றம், உண்மை மாதிரிக் காட்டுறதும் கலையின்ட ஒரு நோக்கம்தான் எண்டு சொல்லி கேம் பக்கம் தீர்ப்புக் குடுத்திச்சு. அன்சார்ட்டட் வந்தது அதுக்கு 13 வருசம் முன்னால, அவங்கள் பாதுகாப்பாப் போனதில பிழை சொல்ல ஏலாது.

கேம்ல ஏ.கே-47 எண்டு சொல்லுறது நாங்கள் இஞ்ச சின்ன வயசில சென்றிப் பொயின்ட் எல்லாம் பாத்த டி-56 தானே? என்ட மகன் இல்லை எண்டு வாதாடுறான்.
(ஒரு வாசகர், கிண்ணியா)

நீங்கள் சொல்லுறதும் சரி, மகன் சொல்லுறதும் சரி. உள்ளுக்கு இருக்கிற வேலை ஒண்டுதான், 7.62 மில்லிமீற்றர் ரவை, 30 ரவை பிடிக்கிற வளைஞ்ச ரவைக்கூடு. ஆனா டி-56 சீனாவின்ட தயாரிப்பு, 1956ல வந்ததால அந்தப் பேர். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கு. குழலின்ட நுனியில குறி பாக்கிற முள்ளு ஒண்டு நிக்கும், ரஷ்ய ஏ.கே-ல அதுக்கு ரெண்டு பக்கமும் காது மாதிரி ரெண்டு தகடு நிக்கும், மேல் பக்கம் திறந்திருக்கும், சீனத்து டி-56ல முழு வட்டமா மூடியிருக்கும். கனக்க டி-56ல குழலுக்குக் கீழ மடிச்சு வைக்கிற ஊசி மாதிரி ஒரு கத்தியும் இருக்கும். திருகோணமலை என்.சி. றோட்டால பள்ளிக்கூடம் போன எங்கட வயசு ஆக்கள் கண்ணை மூடினாலே அந்த வட்டம் தெரியும், ஏனெண்டா அதுக்கு முன்னால நிண்டுதான் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, நீட்டினனாங்கள். இஞ்ச எல்லாப் பக்கத்துக் கையிலயும் இருந்தது கூடுதலா அதுதான். கேம் செய்யிற ஆக்கள் ஏ.கே-47 எண்டு பேரை எழுதிப்போட்டு, 1959ல வந்த ஏ.கே.எம்மின்ட உருவத்தையோ சீனக் கொப்பியையோ போடுறது சும்மா நடக்கிற விசயம். மகனிட்ட சொல்லுங்கோ, படத்தை நிப்பாட்டி அந்த முள்ளைப் பாக்கச் சொல்லி, பேரைப் பாக்கவேண்டாம்.

இன்னொரு கணக்கும் அவனுக்குச் சொல்லுங்கோ. அந்தத் துவக்கு நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 600 ரவை வேகத்தில அடிக்கும், அப்ப செக்கனுக்கு 10, விரலை எடுக்காம அழுத்தினா ஒரு ரவைக்கூடு மூண்டே செக்கன்ல முடிஞ்சிடும். கேம்ல டிரேக் மதிலுக்குப் பின்னால நிண்டு மணிக்கணக்காச் சுடுறான், விழுந்தவன்ட துவக்கை எடுத்து எடுத்துச் சுடுறதால அது எங்களுக்குத் தெரியிறேல்ல.

ஏ.கே-47ஐ உருவாக்கின கலாஷ்னிகோவ் 1941ல டாங்கிச் சண்டையில காயப்பட்டு ஆஸ்பத்திரியில கிடக்கேக்கதான் துவக்கு செய்யிற யோசனை வந்தது எண்டு அவரே சொன்னவர். 2013ல 94 வயசில செத்தவர், அதுக்கு முதல் ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினவர், என்ட துவக்கு ஆக்களின்ட உயிரை எடுத்ததெண்டா அந்தச் சாவுக்கு நானும் பொறுப்போ எண்டு கேட்டு. ஏ.கே வாற எந்தக் கேமை விளையாடினாலும் எனக்கு அந்தக் கிழவன்ட கேள்வி ஒருக்காவாவது ஞாபகம் வரும்.

டெசர்ட் ஈகிளை ஒரு கையால பிடிச்சு ஓடி ஓடிச் சுடலாமா அண்ணா?
(ஒரு தங்கச்சி, அலஸ்தோட்டம்)

கஷ்டம் தங்கச்சி. வெறுமையா அது ரெண்டு கிலோக்குக் கிட்ட, பெரெட்டா ஒரு கிலோவும் வராது. பெரிய 50 சைஸ் ரவை எண்டா கூட்டுக்குள்ள ஏழுதான் போகும், பெரெட்டாவில 15 போகும். அதாலதான் ராணுவங்கள் அதைப் பெரிசாத் தேடிப் போகேல்ல, அமெரிக்கா 1985ல எடுத்தது பெரெட்டாவைத்தான். டெசர்ட் ஈகிள் ஸ்கிரீன்ல வடிவா இருக்கும், அதுக்காகத்தான் எல்லாக் கேம்லயும் இருக்கு.

பாதி சுட்டாப்பிறகு ரீலோட் பண்ணினா மிச்ச ரவை எங்க போகுது?
(ஒரு தம்பி, பாலையூற்று)

கேம்ல எங்கயும் போகாது, எல்லா ரவையும் ஒரே பையில கொட்டி வைச்ச மாதிரி நம்பர் மட்டும் கூடிக் குறையும். உண்மையில அந்தப் பாதிக்கூட்டைக் கழட்டினா அது பாதிக்கூடாத்தான் கையில நிக்கும், பொக்கெற்றுக்குள்ள வைச்சு பிறகு ஆறுதலா இருந்து ஒவ்வொண்டா விரலால அமத்தி நிரப்பவேணும், நிலத்தில போட்டா அந்த ரவையும் போச்சு. ஷொட்கன் விசயத்திலதான் எனக்குக் கூடக் கோவம். பத்தடிக்கு அங்கால நிக்கிறவனுக்கு அது ஒண்டும் செய்யாது எண்ட மாதிரிக் கனக்கக் கேம்ல காட்டினம், உண்மையில ஒரே வெடியில போற சின்னச் சன்னங்கள் ஒரு மீற்றர் போறதுக்கு ரெண்டு மூண்டு சென்ரிமீற்றர் அளவிலதான் விரியும், ஒரு பெரிய அறையின்ட மற்றப் பக்கத்தில நிண்டாலும் கை விரிச்ச அளவு இடத்துக்குள்ள எல்லாம் போய் விழும்.

சைலன்சர் போட்டா உண்மையிலயே "ப்யூ" எண்டுதான் கேக்குமா?
(ஒரு வாசகர், மூதூர்)

இல்லை. சும்மா ஒரு துவக்குச் சத்தம் 150, 160 டெசிபெல் வரும், சைலன்சர் அதில 20லயிருந்து 35 வரைதான் குறைக்கும், அப்பவும் பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். அதோட ரவை ஒலியின்ட வேகத்தைத் தாண்டிப் போனா அது காத்தைக் கிழிக்கிற சத்தத்தைச் சைலன்சரால ஒண்டும் செய்ய ஏலாது.

தம்பி, என்ட மகனுக்கு 14 வயசு, ஸ்கூல் விட்டு வந்து இந்தக் கேம்தான் விளையாடுறான். அவனுக்கு அது விளையாட்டு, எனக்கு அடுத்த அறையில இருந்து அந்தச் சத்தம் கேட்டா கை காலெல்லாம் குளிருது. அவனை நிப்பாட்டச் சொல்லுறது பிழையா?
(ஒரு அம்மா, சாம்பல்தீவு)

அம்மா, உங்கட கடிதத்தை மூண்டு தரம் வாசிச்சன். முதல்ல வயசு விசயத்தைச் சொல்லிடுறன், அன்சார்ட்டடுக்கு அமெரிக்காவில குடுத்த ரேட்டிங் டி, அதாவது 13 வயசுக்கு மேல, அதே கொம்பனி 2013ல செய்த த லாஸ்ட் ஒஃப் அஸ் 17 வயசுக்கு மேல, அதை இப்ப அவன் விளையாட விடாதேங்கோ.

ஆனா நீங்கள் கேட்டது வயசைப் பற்றி இல்லைத்தானே. உங்களுக்குக் கேக்கிற சத்தமும் அவனுக்குக் கேக்கிற சத்தமும் ஒண்டில்லை. உண்மைத் துவக்குச் சத்தம் 140 டெசிபெல்லைத் தாண்டினது, காதை ஒரேயடியாப் பழுதாக்கிற அளவு, எந்த டிவியாலயும் ஹெட்போனாலயும் அதைக் குடுக்க ஏலாது, குடுக்கவும் கூடாது. அதோட ஏ.கே ரவை செக்கனுக்கு 700 மீற்றருக்கு மேல போகும், சத்தம் 340 மீற்றர்தான், அதால தூரத்தில இருந்து சுட்டா முதல்ல தலைக்கு மேல "சடார்" எண்டு ரவை போற சத்தம், பிறகுதான் துவக்கின்ட "டும்". நாங்கள் சீமெந்து நிலத்தில குப்புறப் படுத்துக் கிடந்து அந்த ரெண்டுக்கும் இடையில எண்ணினனாங்கள், ஒண்டு, ரெண்டு எண்டு, எவ்வளவு தூரத்தில எண்டு அப்பா அதை வைச்சுத்தான் சொல்லுவார். கனக்கக் கேம்ல ரெண்டும் ஒண்டாத்தான் வரும். உருவத்தைத் திருகாணி வரைக்கும் சரியாச் செய்யிற ஆக்கள் விட்டுப்போட்ட விசயம் அதுதான், அந்த இடைவெளி, அதுக்குள்ள இருந்த பயம். உங்கட மகன் அதைக் கேட்டதில்லை, அது அவன்ட பிழையும் இல்லை, சண்டை முடிஞ்ச பிறகு பிறந்த பிள்ளை அவன்.

நிப்பாட்டச் சொல்லுறது பிழையில்லை அம்மா, உங்கட வீடு அது. ஆனா நிப்பாட்ட முதல் ஒருக்கா ஹெட்போன் போட்டு விளையாடச் சொல்லிப் பாருங்கோ, ஏன் சொல்லுறீங்கள் எண்டதையும் அவனுக்குச் சொல்லுங்கோ. என்ட அக்காவின்ட மகனுக்கு நான் அந்த எண்ணுற கதையைச் சொன்ன நாள் அவன் கொன்ட்ரோலரைக் கீழ வைச்சுப்போட்டு ஒரு மணித்தியாலம் கேள்வி கேட்டவன். அடுத்த நாள் திரும்பவும் விளையாடினவன், ஆனா சத்தத்தைக் குறைச்சு வைச்சு.

கோட்டைக்குள்ள மான் மேயிற இடத்தில பீரங்கி கிடக்குது, அந்தக் காலத்துத் துவக்கு வாற கேம் ஏதும் இருக்கா?
(எட்டாம் வகுப்பு மாணவன், திருக்கடலூர்)

இருக்கு ராசா, 2013ல வந்த அசாசின்ஸ் கிரீட் பிளாக் ஃபிளாக், 1700களின்ட தொடக்கத்தில நடக்கிற கடற்கொள்ளையர் கதை, ஆனா அதுவும் 17 வயசுக்கு மேலதான், பெரிய அண்ணாமார் விளையாடேக்க பக்கத்தில இருந்து பாக்கிறதுக்கும் வீட்டில கேட்டுப்போட்டுப் பாருங்கோ. அதில கதாநாயகன் எட்வர்ட் கென்வே நெஞ்சில நாலு பிஸ்டல் கட்டியிருப்பான், பாக்க ஸ்டைலுக்கு மாதிரித் தெரியும், ஆனா அந்தக் காலத்துப் பிஸ்டல்ல ஒரு வெடிதான், திரும்ப மருந்து போட்டு, குண்டு போட்டு, இடிச்சு இறுக்கி எடுக்க அரை நிமிசம் போகும், அதுக்குள்ள முன்னால நிக்கிறவன் வாளோட வந்திடுவான், அப்ப நாலு வெடி வேணுமெண்டா நாலு பிஸ்டல்தான் வேணும். இவ்வளவு நேரம் பேசின கேம்களில துவக்கின்ட குறையே கதாநாயகன்ட உடுப்பா மாறின இடம் இது ஒண்டுதான், எனக்கு மிச்சம் பிடிச்சது.

கோட்டைக்கு அடுத்த முறை போகேக்க பீரங்கியின்ட பின்பக்கம் மேலால குனிஞ்சு பாருங்கோ, பென்சில் போற அளவில ஒரு சின்னத் துளை இருக்கும், நெருப்பு வைக்கிறது அதுக்குள்ளதான். 1782ல பிரெஞ்சுக்காரன் சஃப்ரன் எங்கட திருகோணமலைத் துறைமுகத்தைப் பிடிக்கேக்க கப்பலிலயும் கோட்டையிலயும் வெடிச்சதெல்லாம் அந்த மாதிரித் துளையில நெருப்பு வைச்சுத்தான். பீரங்கி சில நேரம் வெயில்ல சுடும், கையை வைக்க முதல் தொட்டுப் பாருங்கோ.