ஊரடங்கில் தெளிந்த காற்றும் சாலையோர வீட்டுக் குழந்தையின் இளைப்பும்

கேள்வி: சென்னை வடபழனியில் ஆற்காடு சாலையைப் பார்த்தபடி முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு மூன்று வயதிலிருந்தே இளைப்புத் தொல்லை. 2020 ஊரடங்கின்போது எல்கேஜியில் இருந்தாள். அந்த இரண்டு மாதமும் அவளுக்கு இளைப்பே வரவில்லை. வண்டிகள் ஓடாததுதான் காரணமா? வீட்டை மாற்றிவிடலாமா, அல்லது காற்று சுத்திகரிக்கும் கருவி வாங்கினால் போதுமா?

பதில்: வண்டிகள் நின்றது ஒரு காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதோடு வேறு சிலவும் நின்றன. முன்பணம் கொடுத்து வீடு மாற்றும் முன் அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு வந்தது. அன்று நள்ளிரவு நாடே அடங்கியது. காற்றில் முதலில் சரிந்தது நைட்ரஜன் டை ஆக்சைடு. நகரங்களில் இது பெரும்பாலும் என்ஜின்களிலிருந்து வருவது, வெயிலில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடுவது. அதனால் வண்டிகள் நின்றதுமே அதுவும் குறைந்தது. டெல்லி, மும்பை வானில் அதன் அளவு முந்தைய ஆண்டைவிட 40 முதல் 50 சதவீதம் குறைந்திருந்ததை ஐரோப்பிய விண்வெளி முகமையின் செயற்கைக்கோள் பதிவு செய்தது.

நுண்துகள்களின் கதை வேறு. அந்த ஏப்ரலில், காற்றின் தூசியை அளக்க மாதிரி எடுக்கும் கருவியிலிருந்து நான் எடுத்த வடிதாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளை வட்டம் அது. சாலையோரத்தில் 24 மணி நேரம் காற்றை உறிஞ்சினால் வழக்கமாகச் சாம்பலும் கருப்புமாக வரும். அன்று வந்தது, டீ சிந்தி உலர்ந்த கறைபோல வெளிறிய பழுப்பில். தராசில் வைத்தேன். எடையும் குறைந்திருந்தது, ஆனால் கருமை மறைந்த அளவுக்கு எடை குறையவில்லை.

கருப்பு என்பது முக்கியமாக டீசல் புகைக்கரி. பழுப்பு என்பது மண், சாலைத் தூசி. கண்ணுக்கு நிறமே காட்டாத சல்பேட் துகள்களும் அந்தத் தாளில் இருக்கும். நிலக்கரி எரியும்போது எழும் கந்தக வாயு காற்றிலேயே மாறி அந்தத் துகள்களாகிறது. ஊரடங்கிலும் மின் உற்பத்தி அத்தியாவசியப் பணி என்பதை நினைவில் வையுங்கள். 2020 பிப்ரவரியில் சீனாவின் வடபகுதியில் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தபோதே பெய்ஜிங்கைக் கடும் புகைமூட்டம் மூடியது. ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன, காற்று அசையவில்லை, ஈரப்பதமும் கூடியிருந்தது.

இன்னொன்று பலருக்கு வியப்பளிக்கும். வண்டிகள் குறைந்த பல நகரங்களில் ஓசோன் கூடியது. வூகான், ரோம், வாலென்சியா எல்லாவற்றிலும் இதுதான் நடந்தது. புகைக்குழாயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு, தரைமட்ட ஓசோனைத் தின்றுவிடும் தன்மை கொண்டது. தின்பது குறைந்ததும் ஓசோன் மிஞ்சியது. இது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. கோடையில் நண்பகலுக்குப் பிறகு உச்சத்தைத் தொடும். சித்திரை வெயிலில் குழந்தை மொட்டை மாடியில் ஓடியாடுவதைத் தவிர்க்கச் சொல்வது சூட்டுக்காக மட்டும் அல்ல.

இப்போது உங்கள் மகளுக்கு வருவோம். 2020 மார்ச் நடுவிலேயே பள்ளிகள் மூடப்பட்டன. எல்கேஜி வகுப்பில் ஒரு குழந்தைக்குச் சளி பிடித்தால் வாரத்துக்குள் பாதி வகுப்புக்கு வந்துவிடும். சிறு குழந்தைகளுக்கு இளைப்பைக் கிளப்புவதில் முதலிடம் சளி வைரஸ்களுக்குத்தான். அந்த ஆண்டு பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்ததற்கு, வைரஸ் பரவல் நின்றுபோனது பெரிய காரணம். ஆகவே அவள் பெற்ற நிம்மதியில் ஒரு பங்கு சாலையுடையது, ஒரு பங்கு பூட்டிய பள்ளியுடையது. காற்று நன்றாக இருக்கிறது என்று நினைத்து, மருத்துவர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இதை நான் மிகுந்த கவலையோடு சொல்கிறேன்.

வீட்டை மாற்றலாமா என்றால், ஊரை விட்டோ பகுதியை விட்டோ போக வேண்டாம் என்பேன். சாலையிலிருந்து விலக விலகப் புகைக்கரி வேகமாக மெலியும்; முதல் 100, 150 மீட்டருக்குள்ளேயே பெரும் வித்தியாசம் தெரியும். இடையில் ஒரு வரிசைக் கட்டடம் இருந்தால் இன்னும் நல்லது. அடுத்த முறை வீடு பார்க்கும்போது அதே வடபழனியில் இரண்டு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள். அதுவரை குழந்தை படுக்கும் அறையைப் பின்பக்கம் மாற்றுங்கள். செலவே இல்லாத இந்த மாற்றத்தைத்தான் என்னிடம் கேட்பவர்கள் எல்லோருக்கும் முதலில் சொல்வது வழக்கம்.

உங்கள் வீட்டுக்குள் என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. முன்பக்க ஜன்னல் கம்பியையும் பின்பக்கக் கம்பியையும் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு வாரம் கழித்து இரண்டையும் தனித்தனி ஈர வெள்ளைத் துணியால் துடையுங்கள். பழுப்பாக, நெறநெறவென்று வந்தால் மண்தூசி. மெட்ரோ போன்ற கட்டுமான வேலை பக்கத்தில் நடந்தால் இது கூடுதலாக இருக்கும். கண் மைபோல் வழவழவென்று ஒட்டி, சோப்புப் போட்டாலும் எளிதில் போகாமல் இருந்தால் புகைக்கரி. முன்துணி கருப்பாகவும் பின்துணி பழுப்பாகவும் வந்தால் அறையை மாற்றுவதால் பலன் உண்டு.

மார்கழி, தை மாதங்களில் காலை ஏழு முதல் பத்து வரை சாலைப்பக்க ஜன்னலைச் சாத்தி வையுங்கள். குளிர்ந்த காற்று மேலெழாமல் புகையைத் தரையோடு பிடித்து வைக்கும் நேரம் அது. வெயில் ஏறி, கடற்காற்றும் வந்த பிறகு திறக்கலாம். போகியன்று அதிகாலையில் எந்த ஜன்னலும் வேண்டாம்.

கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை வெளியிடுவதாக 2003இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஜன்னலைச் சாத்திய அறையில் அதை ஏற்றினால் ஆற்காடு சாலையையே உள்ளே கொண்டுவந்தது போலத்தான். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணியும் அவள் இருக்கும் அறையில் வேண்டாம்.

இவையெல்லாம் செய்தபின் பணம் இருந்தால் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாம். ஹெப்பா (HEPA) எனப்படும் மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் வடிகட்டி உள்ளதாகவும், அறையின் அளவுக்குப் பொருந்துவதாகவும் இருக்கட்டும். ஜன்னல் சாத்தியிருந்தால்தான் அதனால் பயன். நுண்துகளை அது பிடிக்கும். நைட்ரஜன் டை ஆக்சைடை ஹெப்பா பிடிக்காது. ஓசோன் உமிழும் கருவிகளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள்: எந்த நாள் இளைத்தது, அப்போது சளி இருந்ததா, முந்தைய இரவு சுருள் ஏற்றினீர்களா, எந்த வழியாகப் பள்ளிக்குப் போனாள், எந்த அறையில் படுத்தாள். மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் முடிவெடுக்க அந்தப் பக்கங்கள் உதவும்.