மகளை இந்தியாவுக்குப் படிக்க அனுப்பலாமா? வினா விடைக் கட்டை மூடிவிட்டு வரைபடத்தைத் திறக்கச் சொல்லுங்கள்

அக்கா, மகளின் போனிலிருந்து நீங்கள் அனுப்பிய குரல் பதிவை முழுவதும் கேட்டேன். இந்தியப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கப் போகிற பிள்ளை, டியூஷன் சேர் கொடுத்த இந்தியா பற்றிய வினா விடைக் கட்டை ராத்திரி பகலாகப் பாடமாக்குகிறாள், இன்டர்வியூ வைத்தால் அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். புவியியலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்ப் படித்துவிட்டு வந்தால் இங்கே வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் "பொம்பளப் புள்ளய தனியா எப்படி" என்று இழுத்து நிறுத்தினீர்களே, அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கட்டு. நீங்கள் படம் பிடித்து அனுப்பிய இரண்டு பக்கத்திலேயே மூன்று பிழை இருக்கிறது. இந்தியாவின் தேசிய மொழி இந்தி என்று போட்டிருக்கிறார்கள். அந்த நாட்டின் அரசியலமைப்பில் தேசிய மொழி என்று எதுவுமே இல்லை. மத்திய அரசின் அலுவல் மொழி இந்தி, கூடவே ஆங்கிலமும் பயன்படுகிறது, எட்டாவது அட்டவணையில் தமிழ் உட்பட 22 மொழிகள் இருக்கின்றன. தேசிய விளையாட்டு ஹொக்கி என்பதும் அப்படித்தான், ஊரெல்லாம் சொல்கிற கதை. எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று அந்த நாட்டு அரசே 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் கொடுத்துவிட்டது. மூன்றாவது, 29 மாநிலம் என்பது. 2014இல் தெலங்கானா பிரிந்தபோது 29 ஆனது சரி, ஆனால் 2019இல் ஜம்மு காஷ்மீர் மாநிலத் தகுதி போய் மத்திய அரசு நேரடியாக ஆளும் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாகப் பிரிந்தது, அடுத்த ஆண்டு வேறு இரண்டு ஒன்றியப் பிரதேசங்கள் ஒன்றாயின, ஆக இப்போது 28 மாநிலம், 8 ஒன்றியப் பிரதேசம். சேரைக் குறை சொல்லவில்லை, எப்போதோ யாரோ தட்டச்சு செய்ததைப் போட்டோகொப்பி மேல் போட்டோகொப்பி எடுத்தால் இப்படித்தான் வரும்.

மகளிடம் கட்டை மூடிவிட்டு ஒரு பெரிய இந்திய வரைபடத்தைத் தோட்டத்து லய வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். காகிதத்தில் அச்சடித்ததாக இருக்கட்டும், போனில் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்தால் அளவே பிடிபடாது. அளவு பிடிபடாததுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல். இலங்கை 65,610 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மட்டும் ஏறக்குறைய 130,000, அதாவது நம் முழு நாட்டையும் கிட்டத்தட்ட இரண்டு முறை தமிழ்நாட்டுக்குள் வைக்கலாம். ராஜஸ்தானுக்குள் ஐந்து முறை. முழு இந்தியாவுக்குள் ஐம்பது முறை. ஆட்களின் கணக்கும் அப்படித்தான். 2011 சனத்தொகைக் கணக்கெடுப்பில் 121 கோடி, இப்போது 140 கோடிக்கு மேல், 2023இல் சீனாவையே தாண்டிவிட்டார்கள். உத்தரப் பிரதேசம் என்ற ஒரே மாநிலத்தில் 2011இலேயே கிட்டத்தட்ட 20 கோடிப் பேர், நம் நாட்டைப் போல ஒன்பது மடங்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், விண்ணப்பத்தில் எந்தெந்தப் பல்கலைக்கழகம் என்று விருப்ப வரிசை எழுதச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் பெயர் அழகாக இருப்பதையோ யாரோ தெரிந்த அண்ணன் படித்ததையோ முதலில் எழுதிவிடுகிறார்கள். அதற்கப்புறம் வீட்டில் அழுகை. பதுளையிலிருந்து கொழும்புக்கு ரயிலில் வந்தால் 290 கிலோமீட்டர் சொச்சம், அதற்கே ஒரு பகல் போய்விடுகிறது, நமக்கு அதுதான் பெரிய பயணம். சென்னையிலிருந்து டில்லி 2,000 கிலோமீட்டருக்கும் மேல், ரயிலில் ஒன்றரை நாள் அளவு. அசாமிலுள்ள திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே ரயில் ஓடுகிறது, 4,100 கிலோமீட்டருக்கு மேல், மூன்று இரவு அதிலேயே தூங்க வேண்டும். 'இந்தியாவில் படிக்கிறாள்' என்று நாம் சொல்வது சென்னையாக இருந்தால் விமானத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள், அசாமாக இருந்தால் அது வேறு உலகம்.

காலநிலையையும் பாருங்கள். குளிருக்குப் பயப்படாதீர்கள் அக்கா. டில்லியில் ஜனவரி ராத்திரி நாலு ஐந்து பாகைக்கு இறங்கும், ஆனால் நுவரெலியாப் பக்கம் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது புதிதில்லை. நம் பிள்ளைகளைப் படுத்துவது வெயில். மே மாதம் டில்லியில் 40 பாகையைத் தாண்டும், சென்னையும் சில நாள் அதைத் தொடும். மலையிலேயே பிறந்து வளர்ந்த உடம்புக்கு முதல் கோடைதான் கஷ்டம், இரண்டாவது கோடைக்குப் பழகிவிடும்.

இனி மகளுக்கு நேரடியாக. மகள், நீ உயர்தரத்துக்குப் புவியியல் படித்தவள், இன்டர்வியூவில் உன் பலம் அதுதான். தலைநகரம் எது, பறவை எது என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். உன்னிடம் 'ஏன்' என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று பார். உதாரணத்துக்கு மழை. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வரும்போது மலையின் மேற்குப் பக்கத்து வட்டவளையில் மழை கொட்டும், அதே நேரம் கிழக்குப் பக்கத்து ஊவாவில் கச்சான் காற்று காய்ந்து வீசும், மலை ஒரு பக்கம் மழையை வாங்கிக்கொண்டு மறுபக்கத்துக்கு வெறும் காற்றை அனுப்புகிறது. அந்தக் காய்ந்த காற்றில் வருவதுதான் ஊவாத் தேயிலையின் பெயர்போன வாசனை. இதே கதைதான் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில், மேற்குத் தொடர்ச்சி மலையில் நடக்கிறது. கேரளா நனையும், கோயம்புத்தூர்ப் பக்கம் காயும், சென்னைக்கு மழை என்றால் ஒக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தை நம்பியிருக்க வேண்டும். மேகாலயாவின் மௌசின்ராமில் வருடத்துக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது என்றால் அங்கேயும் வங்காள விரிகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றை மலை மறிப்பதுதான் காரணம். இதை உன் வாயால், உன் ஊர் மழையிலிருந்து தொடங்கிச் சொன்னால், கேட்கிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

இன்னொன்று நேரம். இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம்தான், மிர்சாபூர் வழியாகப் போகும் கிழக்கு 82½ பாகைக் கோட்டை வைத்து. 2006இலிருந்து நமக்கும் அதே நேரம், அதனால் வீட்டுக்குப் போன் எடுக்கக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் கிழக்கு ஓரத்தில் சூரியன் குஜராத்தை விடக் கிட்டத்தட்ட இரண்டு மணித்தியாலம் முந்தி எழும்பும். டிசம்பரில் அசாமில் மாலை நாலரைக்கே இருட்டு. அதனால் அசாம் தேயிலைத் தோட்டங்களில் மட்டும் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள், 'தோட்ட நேரம்' என்றே அதற்குப் பெயர். அந்தத் தோட்டங்களில் வேலை செய்பவர்களின் முன்னோரும் ஜார்கண்ட், ஒடிசா பக்கங்களிலிருந்து வெள்ளைக்காரன் காலத்தில் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர்கள். நமக்குத் தெரிந்த கதைதான், இல்லையா?

கடற்கரை நீளம் என்ன என்று உன் கட்டில் 7,516 கிலோமீட்டர் என்று இருக்கும். புதிய அளவீட்டில் 11,098. கடல் வளரவில்லை, வளைவு நெளிவுகளையெல்லாம் விடாமல் நுணுக்கமாக அளந்தார்கள், அவ்வளவுதான். சின்ன அடிமட்டத்தால் அளந்தால் நீளம் கூடும் என்பது புவியியல் படித்தவளுக்கு விளங்கும்.

தேசியச் சின்னங்களை ஒரு பக்கத்துக்குள் முடித்துக்கொள். கொடி 1947 ஜூலை 22இல் ஏற்கப்பட்டது, நடுவிலுள்ள சக்கரத்துக்கு 24 ஆரக்கால். மயில் 1963இலிருந்து தேசியப் பறவை. புலி 1973இலிருந்துதான் தேசிய விலங்கு, அதற்கு முன்பு சிங்கம். மரம் ஆல், பூ தாமரை, பழம் மாம்பழம். இதில் அரசு முத்திரையில் மட்டும் கொஞ்சம் நின்று பார். சாரநாத்தில் அசோகர் நட்ட தூணின் தலைப்பகுதி அது, 1950 ஜனவரி 26இல் ஏற்றுக்கொண்டார்கள். சிங்கம் நாலு, முன்னாலிருந்து பார்த்தால் மூன்றுதான் தெரியும். கீழே எழுதியிருக்கும் 'சத்யமேவ ஜயதே' முண்டக உபநிடதத்தில் வருவது. இலங்கைக்கு மகிந்த தேரரும் சங்கமித்தையும் வந்ததாகச் சொல்லும் வரலாறு அதே அசோகரோடு தொடர்புடையது என்பதையும் சேர்த்துச் சொல், இலங்கைப் பிள்ளை சொல்ல வேண்டிய பதில் அதுதான். தேசிய கீதத்தையும் அப்படிப் பார். தாகூர் எழுதி 1911இல் முதலில் பாடப்பட்டது. பஞ்சாப், சிந்து, குஜராத் என்று தொடங்கி விந்தியம், இமயம், யமுனை, கங்கை வரை அது ஒரு புவியியல் பாடம். சிந்து இன்று பாகிஸ்தானில் இருக்கிறது, பாட்டில் மட்டும் அப்படியே நிற்கிறது. நம் தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த ஆனந்த சமரக்கோன் படித்ததும் தாகூரின் சாந்திநிகேதனில்தான்.

சரி அக்கா, இனி நீங்கள் கேட்ட வேலை விஷயம். புவியியல் பட்டத்துக்கு வேலை இல்லை என்று தோட்டத்தில் யாரோ சொன்னதாகச் சொன்னீர்கள். அது முழுப் பொய்யுமில்லை. வெறும் பட்டத்தோடு வந்தால் ஆசிரியர் நியமனம், பட்டதாரி நியமனம் என்று வர்த்தமானி பார்த்துக் காத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அதே படிப்பில் புவியியல் தகவல் முறைமை (கணினியில் வரைபடம் போடுகிற GIS), செய்மதிப் படங்களைப் படித்தல் ஆகிய இரண்டையும் கையால் செய்யப் பழகிக்கொண்டு வந்தால் வேறு கதவு திறக்கும். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. எந்தச் சரிவு ஆபத்து, எந்த லயத்தை நகர்த்த வேண்டும் என்று வரைபடம் போடுகிற ஆட்கள் இந்த மலைக்குத் தேவை, தமிழில் பேசி மக்களுக்கு விளக்கக் கூடியவர்கள் அதைவிடத் தேவை. அதனால் பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தில் இந்த இரண்டும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தியத்தலாவை நில அளவை நிறுவகத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நல்ல இடம், ஆனால் அது கணிதம் படித்த பிள்ளைகளுக்கான வழி, மகள் கலைப்பிரிவு என்பதால் அதில் மனதை விட வேண்டாம்.

பல்கலைக்கழகத்தைத் தெரிவு செய்யும்போது இன்னும் மூன்று காரியம். ஒன்று, அந்தப் பட்டத்தை நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று போவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வந்தபிறகு அலைவது பெரும்பாடு. இரண்டு, மூன்று வருடப் பட்டமா நாலு வருடச் சிறப்புப் பட்டமா என்று பாருங்கள், அங்கே இப்போது இரண்டும் இருக்கிறது, பின்னால் விரிவுரையாளராக ஆசை இருந்தால் நாலு வருடம் நல்லது. மூன்று, எந்த மொழியில் கற்பிக்கிறார்கள் என்பது. வட மாநிலங்களில் கலைப் பாடங்களை இந்தியில் நடத்தும் கல்லூரிகள் உண்டு. என் யோசனையைக் கேட்டால், முதல் பட்டத்துக்குத் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, கர்நாடகா என்று தெற்கிலேயே எழுதட்டும், டில்லி ஆசை முதுமாணிக்கு இருக்கட்டும். தமிழ்நாட்டிலும் ஆங்கிலத்தில்தான் பெரும்பாலும் எழுத வேண்டியிருக்கும், அதனால் இந்த மாதங்களில் பாடமாக்குகிற நேரத்தை ஆங்கிலத்துக்குக் கொடுத்தால் பத்து மடங்கு பலன்.

தனியாக எப்படி என்ற பயம் நியாயமானதுதான். விடுதி பல்கலைக்கழக வளவுக்குள்ளேயா வெளியிலா, முதல் வருடம் கட்டாயம் கிடைக்குமா என்று கேட்டு எழுத்தில் பதில் எடுங்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட நம் சொந்தங்கள் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இன்றைக்கும் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறார்கள். உங்கள் பெரியப்பா வழியில் யாரோ கூடலூரில் இருப்பதாகச் சொன்னீர்களே, அந்தத் தொடர்பைப் புதுப்பியுங்கள். ஆனால் நீலகிரியில் மாமா இருக்கிறார் என்பதற்காகச் சென்னையில் ஆபத்துக்கு ஓடிவருவார் என்று நினைக்காதீர்கள், நடுவில் ஒரு ராத்திரிப் பயணம் இருக்கிறது. மறுபடியும் வரைபடம்!

புலமைப்பரிசில் அறிவிப்பைப் பேஸ்புக்கில் பார்த்து நம்ப வேண்டாம். கொழும்பிலுள்ள இந்திய உயர் ஸ்தானிகராலயம், கண்டியிலுள்ள உதவி உயர் ஸ்தானிகராலயம், நம் கல்வி அமைச்சு, இவற்றின் அறிவிப்பு மட்டும்தான் கணக்கு. விண்ணப்பத்துக்குக் காசு கேட்டு யாராவது ஹட்டன் டவுனில் கடை போட்டிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

கடைசியாக, மகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் விண்ணப்பம் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான். சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறெழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் அப்பாவின் பெயர் முன்னால், கடவுச்சீட்டில் பின்னால். ஓரெழுத்து மாறினாலும் பிரதேச செயலகத்துக்கு நடக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் எடுக்கலாம். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படமாக எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதை எங்கே திருத்துவது என்று பார்த்துச் சொல்கிறேன்.