மயூர் விஹார் மாமா பதில்கள்

ஆர்.கே. புரம் வாசகி: நெட்ஃபிளிக்ஸில் 'சென்னா' என்ற கார் பந்தயத் தொடரைப் பார்த்தே ஆகணும் என்று பையன் நச்சரிக்கிறான். எனக்கு கியர் போடக்கூடத் தெரியாது. புரியுமா?

தாராளமாகப் புரியும் அம்மா. மொத்தமே ஆறு எபிசோடு, 2024 நவம்பரில் வந்தது. பிரேசிலின் ஃபார்முலா 1 கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் கதை. 1988, 1990, 1991 என மூன்று முறை உலக சாம்பியன். 1994 மே 1-ம் தேதி இமோலா பந்தயத்தில் இறந்தபோது வயது 34. கியர் விஷயத்துக்கு மட்டும் பையனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1991-இல் சொந்த ஊரான சாவ் பாவ்லோவில் ஓட்டும்போது, கடைசிச் சுற்றுகளில் டாப் கியரான ஆறாவது கியரிலேயே கார் மாட்டிக்கொண்டது. டெல்லி ஆசிரம் சவுக் நெரிசலில் டாப் கியரிலேயே ஊர்ந்து போங்கள் என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஓட்டித்தான் ஜெயித்தார். அப்புறம் மேடையில் கோப்பையைத் தூக்கக் கையில் தெம்பில்லை.

கரோல் பாக் வாசகர்: 'சென்னா' தொடரில் வரும் 1984 மொனாக்கோ மழைப் பந்தயம் நிஜமா, மசாலாவா?

நிஜம்தான் சார். மசாலா தேவையே இல்லாத பந்தயம் அது. சென்னாவுக்கு அது முதல் சீசன், கையில் டோல்மன் என்ற சுமாரான கார். 13-வது இடத்திலிருந்து கிளம்பினார். மழை கொட்டுகிறது, முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக வழுக்கிச் சுவரில் முட்ட, இவர் அப்போதே இரண்டு முறை உலக சாம்பியனான நிக்கி லாடாவையே தாண்டி இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டார். முதலில் போன அலென் பிராஸ்ட்டை நெருங்கும் நேரம் பார்த்து சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டார்கள்!

வேடிக்கை அதற்கப்புறம்தான். பாதிப் பந்தயம்கூட ஓடாததால் பாதிப் புள்ளிதான் கிடைக்கும். ஜெயித்த பிராஸ்ட்டுக்கு 9-க்குப் பதில் 4.5. அந்த வருடப் பட்டத்தை அவர் லாடாவிடம் கோட்டைவிட்டது வெறும் அரைப் புள்ளியில்! முழுசாக ஓடி சென்னாவிடம் தோற்று இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 புள்ளி கிடைத்து, பட்டம் பிராஸ்ட் கைக்கு வந்திருக்கும்.

ஜனக்புரி வாசகி: தொடரில் உங்களுக்குப் பிடிக்காதது?

அந்த ஆங்கிலப் பத்திரிகைக்காரி. கற்பனைப் பாத்திரம். கதாநாயகன் மனசை வாய்விட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே என்று நுழைத்திருக்கிறார்கள். ஆனால் கடைசிக் காலத்தில் நிஜமாகவே கூட இருந்த காதலி அட்ரியானி கலிஸ்தேவு வந்த சுவடு தெரியாமல் போகிறார். அவரைப் பிடிக்காது என்று சொல்லப்படும் சென்னா குடும்பத்தின் ஒத்துழைப்போடு எடுத்த தொடர், கேட்பானேன்! கப்ரியேல் லியோனேயின் நடிப்புக்குக் குறை சொல்ல மாட்டேன்.

நொய்டா வாசகர்: நம் ஊர் ஓட்டுநரை வைத்து இப்படி எடுக்க மாட்டார்களா?

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் இருக்கிறாரே தம்பி! 2005 அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறில் 14 கார்கள் ஒதுங்க, ஓடியது ஆறு. அதில் நரேன் நான்காவது. இதற்கே ஒரு எபிசோடு தாங்கும். 2011-இல் உங்கள் வீட்டுப் பக்கம் புத்தா சர்க்யூட்டிலும் ஓட்டினார். அந்த வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் நாய் ஒன்று உள்ளே புகுந்து, எல்லாக் கார்களையும் நிறுத்தவைத்தது. தயாரிப்பாளர் கிடைத்தால் சொல்லுங்கள், நாய்க் காட்சியை நானே எழுதித் தருகிறேன்.