"யெஸ்டர்டே ஒன்லி"ன்னா அவங்களுக்கு ஏன் புரியல?

கேள்வி: ஐடி கம்பெனில இருக்கேன். லண்டன் கிளையன்ட்கிட்ட கால்ல "ஐ சென்ட் தி ரிப்போர்ட் யெஸ்டர்டே ஒன்லி"ன்னு சொன்னேன். உடனே "அப்போ முந்தாநாள் ரிப்போர்ட் வரலையா?"ன்னு கேட்டாங்க. நான் சொன்னது தப்பா?

பதில்: தப்புன்னு சொல்ல மாட்டேன், நம்ம ஊர்ல இருந்து டெல்லி வரைக்கும் எல்லாருக்கும் புரியும், ஏன்னா இந்திக்காரங்களும் அவங்க மொழில நம்ம 'தான்' மாதிரி வர்ற 'ஹீ'யை இப்படித்தான் ஒன்லி ஆக்குறாங்க. ஆனா லண்டன்காரங்க காதுல அது "நேத்து மட்டும் அனுப்பினேன், மத்த நாள் இல்ல"ன்னு விழும்.

சிக்கல் நம்ம 'தான்'ல இருக்கு. அது ரெண்டு வேலை பாக்குது. "அம்பது ரூபாதான் இருக்கு"ன்னா அதுக்கு மேல இல்ல, அங்க ஒன்லி சரி. "நான் சென்னைலதான் இருக்கேன்"ன்னா சும்மா அழுத்திச் சொல்றோம், அவ்வளவுதான், ஆனா நாம அதையும் "இன் சென்னை ஒன்லி"ன்னு சொல்லிடுறோம், கேக்குறவங்களுக்கு ஏதோ வேற ஊர்ல கிளைகள் கிடையாதுன்னு அறிவிச்ச மாதிரி இருக்கும்.

அதனால வாய்க்கு வந்ததும் 'தான்'ஐ எடுத்துட்டு 'மட்டும்' போட்டுப் பாருங்க. பொருந்துச்சா, ஒன்லி போடலாம். பொருந்தலையா, விட்டுடுங்க, "ஐ ஆம் ரைட் ஹியர் இன் சென்னை"ன்னு சொல்லுங்க. "நான்தான் அனுப்பினேன்"னா "இட் வாஸ் மீ ஹூ சென்ட் இட்". உங்க கேஸ் கொஞ்சம் வேற, "நேத்துதானே அனுப்பினேன்"னு அர்த்தம் வரணும்னா ஒன்லிய முன்னாடி தள்ளுங்க: "ஐ சென்ட் இட் ஒன்லி யெஸ்டர்டே". "ஜஸ்ட் யெஸ்டர்டே"ன்னாலும் ஓகே.

இடம் மாறினா அர்த்தம் மாறும்ங்கறது மெயில்லதான் ரொம்ப உதைக்கும். "வீ ஒன்லி டெஸ்டட் தி லாகின் பேஜ் ஆன் ஆண்ட்ராய்ட்"னு எழுதினா டெஸ்ட் மட்டும் பண்ணோம் ஃபிக்ஸ் பண்ணலையா, லாகின் பேஜ் மட்டுமா, ஆண்ட்ராய்ட்ல மட்டுமா, மூணுக்கும் இடம் இருக்கு. பேசும்போது குரல அழுத்தி தப்பிச்சுக்கலாம், வெள்ளக்காரங்களே பேச்சுல ஒன்லிய வினைக்கு முன்னாடிதான் போடுவாங்க, அதுல குத்தம் சொல்றது வெட்டி வேலை. மெயில்ல குரல் கிடையாது, அதனால "ஒன்லி ஆன் ஆண்ட்ராய்ட்"னு எதைக் குறிக்குதோ அதுக்கு முன்னாடியே ஒட்டிடுங்க.

கடைசில வரவே கூடாதான்னா, வரலாம். "ஸ்டாஃப் ஒன்லி" போர்டு இருக்கு, செக்ல "ஃபைவ் தவுசண்ட் ஒன்லி"ன்னு எழுதுறோம், பின்னாடி யாரும் வார்த்தை சேர்த்து தொகைய ஏத்தக்கூடாதுன்னு. அங்கெல்லாம் 'மட்டும்'தான் அர்த்தம்.

இன்னொன்னு, கிளையன்ட் "ஐ'ட் பி ஒன்லி டூ ஹேப்பி டு ஹெல்ப்"னு எழுதினா ஏதோ கம்மியா சொல்றாங்கன்னு நினைச்சுடாதீங்க, ரொம்ப சந்தோஷமா பண்ணித் தர்றேன்னு அர்த்தம்.